72 கி.மீ பாக்கி... கையில் 7 மணி நேரம்! - 200 கி.மீ சைக்கிள் பயணத்தில் நான் பாதியில் நின்றதும், திரும்பப் போனதும்

கூவத்தூரில் சாலையோரம் ஒரு டீக்கடை. மதியம் மணி 12.15. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஏன் அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கீழே விழவில்லை, அடிபடவில்லை, யாரும் திட்டவில்லை. டீ மாஸ்டர் பயந்துபோய், "சக்கரை தூக்கலா போட்டிருக்கேன், குடிம்மா" என்று டம்ளரை நீட்டினார். வாங்கிய கை நடுங்கியதில் பாதி டீ என் ஷூ மேல் கொட்டியது.

அது டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போய், கடப்பாக்கம் தாண்டி 100-வது கிலோமீட்டரில் திரும்பி, மறுபடி திருவான்மியூர் வர வேண்டும். மொத்தம் 200 கி.மீ. நான் முடித்திருந்தது 128. பாக்கி 72.

ஏற்பாட்டாளருக்கு போன் போட்டு, "நான் நிறுத்திக்கிறேன் சார்" என்றேன். சென்னைப் பக்கம் காலியாகப் போன ஒரு குட்டியானையில் சைக்கிளைப் படுக்கப்போட்டு, டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

அன்றிரவுதான் கணக்கு போட்டுப் பார்த்தேன். கெடு இரவு 7.30 மணி. அதாவது, டீக்கடையில் அழுதுகொண்டிருந்தபோது என் கையில் ஏழேகால் மணி நேரம் இருந்திருக்கிறது. மணிக்கு 10 கி.மீ வேகத்தில் உருட்டியிருந்தால்கூட வந்து சேர்ந்திருப்பேன். கால் வலித்ததா? இல்லை. நேரம் போதவில்லையா? அதுவும் இல்லை. பிறகு எதற்காக நின்றேன்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய மூன்று மாதக் கதைதான் இது. 20 கி.மீ ஓட்டுகிறவர்களுக்கு 50-க்கும், 50 ஓட்டுகிறவர்களுக்கு 100-க்கும் இதில் ஏதாவது கிடைக்கலாம்.

ஜெயிப்பவர் என்று யாரும் இல்லாத பயணம்

நான் கலந்துகொண்டதற்கு 'பிரெவே' என்று பெயர். பிரெஞ்சு வார்த்தை. இது ரேஸ் கிடையாது. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பட்டியலும் கிடையாது. 200 கி.மீ-க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40 என்று நேரம் கொடுப்பார்கள். கையில் ஓர் அட்டை. வழியில் குறிப்பிட்ட இடங்களில் அந்தந்த இடத்துக்கான கெடுவுக்குள் போய், வந்ததற்கான சாட்சியாக முத்திரையோ கையெழுத்தோ வாங்க வேண்டும். பஞ்சரானால் நீங்களே ஒட்ட வேண்டும். பசித்தால் நீங்களே சாப்பாடு தேட வேண்டும். பின்னால் கார் வராது. நம் நாட்டில் 'ஆடாக்ஸ் இந்தியா ராண்டனியர்ஸ்' இதை ஒருங்கிணைக்கிறது. தலைமையகம் மாதிரி இருப்பது பாரீஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். ஒரே சீசனில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தால் 'சூப்பர் ராண்டனியர்' பட்டம்.

இதன் உச்சம் பாரீஸ் - பிரெஸ்ட் - பாரீஸ். சுமார் 1,200 கி.மீ, 90 மணி நேரம். 1891-ல் இதை ஆரம்பித்தவர் ஒரு பத்திரிகைக்காரர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். 'லெ பெத்தி ஜூர்னால்' நாளிதழின் பியர் ஜிஃபார். அன்று அது ரேஸ். ஷார்ல் தெர்ரோன் என்பவர் 71 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஜெயித்தார். இப்போது நான்கு வருடங்களுக்கு ஒருமுறை அமெச்சூர்களுக்காக நடக்கிறது. இந்தியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கில் போகிறார்கள். கடைசியாக நடந்தது 2023-ல், அடுத்தது 2027-ல்.

நான் அங்கெல்லாம் போகும் ஆள் இல்லை. டிஜிட்டல் டெஸ்க்கில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே வேலை பார்ப்பவள். லாக்டௌன் முடிந்த பிறகு செகண்ட் ஹேண்டில் ஒரு ஹைபிரிட் சைக்கிள் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு வரை போய், பாலத்தில் நின்று போட்டோ எடுத்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வருவேன். அவ்வளவுதான். இரண்டு முறை மாமல்லபுரம் போய்வந்ததும், '100 தொடப்போகிறோமே, 200-ல் என்ன இருக்கிறது' என்று தோன்றிவிட்டது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் மில்லுக்குத் தினம் இருபத்துநாலு கிலோமீட்டர் ஓட்டினேன். கேரியர்ல டிபன் பாக்ஸ், மழைன்னா பிளாஸ்டிக் கவர். எனக்கு யாரும் அட்டையில முத்திரை குத்தல" என்றார்.

காற்று போட்ட நாடகம்

டிசம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். தெற்கே போகிறவரை முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். அது காற்றின் வேலை என்று எனக்குத் தெரியவில்லை. என் காலின் திறமை என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் போன நான்கு பேர் கும்பலில் ஒட்டிக்கொண்டு, மணிக்கு 26 கி.மீ சராசரியில் பறந்தேன். கல்பாக்கம், பாலாற்றுப் பாலம், கூவத்தூர் எல்லாம் எப்போது வந்தன, எப்போது போயின என்றே தெரியவில்லை. 9.50-க்கு 100-வது கிலோமீட்டர். அந்த இடத்துக்கான கெடு 12.40. செல்ஃபி எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டேன்.

அங்கே ஒரு பெரியவர் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்டீல் பிரேம் சைக்கிள், பின்னால் ஒரு துணிப்பை. மரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து, அவசரமே இல்லாமல் தயிர்சாதம் சாப்பிட்டார். நான் ஒரு வாழைப்பழத்தைப் பாதி தின்றுவிட்டுக் கிளம்பினேன். அன்று காலையிலிருந்து நான் சாப்பிட்டது மொத்தமே ஒரு காபி, ஒன்றரை வாழைப்பழம், நான்கு பிஸ்கட்.

திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். 28 கிலோமீட்டரைக் கடக்க இரண்டேகால் மணி நேரம் ஆனது. முதலில் கோபம் வந்தது, காற்றின் மேல், சைக்கிளின் மேல், ஹாரன் அடித்த பஸ் மேல். அப்புறம் குளிர் வியர்வை. மைல்கல்லில் இருந்த எண்ணைப் படித்தேன், ஆனால் மனதில் ஏறவில்லை. அப்புறம் டீக்கடை.

குட்டியானை வருவதற்கு முன்னால் அந்தப் பெரியவர் கடையில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். "பசிக்கிறப்போ சாப்பிட்டா லேட்டும்மா. பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிடணும்" என்றார். நான் நிறுத்திவிட்டதாகச் சொன்னேன். "சொல்லிட்டியா? அடடா... இந்த பெஞ்ச்ல ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கிட்டுப் போயிருக்கலாமே" என்றார். டீ குடித்தார், போய்விட்டார். அன்று அவர் கெடுவுக்குள் முடித்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

உடம்பில் இரண்டு டேங்க்

அவர் சொன்னதன் பின்னால் இருக்கும் உடற்கூறு எளிமையானது. நம் உடம்பில் எரிபொருள் இரண்டு வகையாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று, தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைகோஜன், அதாவது மாவுச்சத்தின் சேமிப்பு. சுமார் 400 முதல் 500 கிராம்தான். கலோரியில் சொன்னால் 2,000-ஐ ஒட்டி. மூச்சு வாங்க வாங்க ஓட்டினால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் இது வற்றத் தொடங்கிவிடும். இன்னொன்று கொழுப்பு. ஒல்லியாக இருப்பவர் உடம்பிலும் பல்லாயிரம் கலோரிக்கு இருக்கிறது. ஆனால், அது மெதுவாகத்தான் எரியும். நிதானமாக ஓட்டும்போது கொழுப்பின் பங்கு அதிகம். வேகத்தைக் கூட்டக் கூட்ட உடம்பு கிளைகோஜனுக்குத் தாவிவிடும்.

கிளைகோஜன் தீர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். மூளைக்கு முக்கியமான எரிபொருள் அதுதான் என்பதால் கை நடுக்கம், எரிச்சல், காரணமில்லாத அழுகை. சைக்கிள்காரர்கள் இதை 'பாங்க்' என்பார்கள். மனவலிமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டேங்க் காலி, அவ்வளவுதான்.

அப்படியென்றால் நீண்ட தூரத்துக்குத் தயாராவது என்பது இரண்டு வேலை. கொழுப்பை நன்றாக எரிக்கும்படி உடம்பைப் பழக்குவது, கிளைகோஜன் தீராதபடி மணிக்கு மணி ஊட்டிக்கொண்டே இருப்பது. முதல் வேலைக்கு வாரக்கணக்கில் நிதானமாக ஓட்ட வேண்டும். தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும், செல்லுக்குள் சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடும், இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தம் அனுப்பும். இதெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வராது.

நிதானம் என்றால் எவ்வளவு? வாட்ச், நெஞ்சுப்பட்டை எல்லாம் வாங்கச் சொல்வார்கள். எனக்கு அதற்கு வசதியில்லை, தேவையும் படவில்லை. பேச்சுச் சோதனை போதும். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் அதிகம். நான் தனியாகப் போகும்போது அன்றைய செய்தித் தலைப்புகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓட்டுவேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ!

10 ஞாயிறுகள்

டிசம்பர் கடைசி ஞாயிறு மறுபடி தொடங்கினேன். அடுத்த 200 மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு. நடுவில் செவ்வாய் 45 நிமிடம், வியாழன் ஒரு மணி நேரம், இரண்டும் ஆபீஸ் கிளம்புவதற்கு முன். ஞாயிறு மட்டும் நீளம். அந்த நீளங்கள் இப்படிப் போயின: 40, 50, 60, 40, 75, 90, 60, 105, 130, 50. நடுநடுவே இறங்குவதைக் கவனியுங்கள். உடம்பு பலம் பெறுவது ஓட்டும்போது இல்லை, ஓய்வெடுக்கும்போது. மூன்று வாரம் ஏற்றினால் ஒரு வாரம் இறக்க வேண்டும் என்பதைப் பலரும் கேட்பதில்லை. 200-க்கு முன் 200 ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. 130 வரை சிரமமில்லாமல் போனால், மீதியை நிதானமும் சாப்பாடும் பார்த்துக்கொள்ளும்.

'வாரத்துக்குப் பத்து சதவிகிதத்துக்கு மேல் கூட்டாதே' என்பது பழைய வழக்கு. நாள் போதாததால் நான் அதை மீறினேன். 90 ஓட்டிய வாரம் வலது முட்டியின் முன்பக்கம் பிடித்துக்கொண்டது. மாடி ஏறினால் வலி. தெரிந்த சைக்கிள் மெக்கானிக் அண்ணன் பார்த்ததும் சொன்னார், "சீட்டு இறங்கியிருக்கு." இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிவரை இறக்கி, குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் முழுக்க நீள வேண்டும். அப்படியிருந்தால், ஓட்டும்போது முன்பாதத்தை வைக்கையில் முட்டி லேசாக மடங்கியிருக்கும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். அண்ணன் ஒன்றரை விரற்கடை ஏற்றினார். கூடவே, கனமான கியரில் அழுத்தி மிதிப்பதை விட்டுவிட்டு லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாமல் சுற்றப் பழகினேன். இரண்டு வாரத்தில் வலி போனது. போகாமல் இருந்திருந்தால் டாக்டரிடம்தான் போயிருக்க வேண்டும். வலியோடு ஓட்டிச் சமாளிப்பதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பணம் செலவழிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புது சைக்கிளுக்கு முன்னால் பேட் வைத்த ஷார்ட்ஸ் வாங்குங்கள். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. தையல் உரசித்தான் புண் வரும். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. நான் 60 கி.மீ கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன்.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். நான் பேசிய பெண் சைக்கிள்காரர்களில் பெரும்பாலானவர்கள் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். நீண்ட பயணத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறோம் என்று. காரணம் உங்களுக்கே தெரியும். ஆண்கள் சாலையோரம் ஒதுங்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். எங்களுக்குப் பெட்ரோல் பங்க்தான். அதிலும் பாதி இடத்தில் பூட்டு. சாவி கேட்டால், சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். டிசம்பரில் நான் 128 கி.மீ-க்குக் குடித்தது ஒன்றரை லிட்டர்கூட இருக்காது. பசியோடு அதுவும் சேர்ந்துதான் என்னைக் கவிழ்த்தது.

இரண்டாவது முறை இதற்கும் ஒரு திட்டம் போட்டேன். முந்தைய ஞாயிறுகளிலேயே வழியில் எந்தெந்த பங்கில், எந்த ஹோட்டலில் கழிப்பறை திறந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். இப்போது என் போனில் திருவான்மியூரிலிருந்து கடப்பாக்கம் வரை பதினோரு இடங்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் நான்கு அக்காக்களுக்கு அனுப்பினேன். அவர்கள் இன்னும் மூன்று இடங்களைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள்.

வெறும் தண்ணீராகவே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கும்போது தண்ணீர் மட்டும் ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, முற்றினால் நினைவு தப்பும் அளவுக்குப் போகலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நம்மூர் வெயிலுக்கு உப்புப் போட்ட நீர்மோரும், உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சை ஜூஸும் அருமையானவை. மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கலக்க வேண்டும். அரை பாட்டிலில் கொட்டிக் குலுக்கக் கூடாது.

சாப்பாட்டுக்குக் கணக்கு, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்கு இருக்கிறது. பழம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வழியில் கிடைக்கும் இட்லி எல்லாம் கணக்கில் சேரும். வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகள் தேவைப்படவில்லை. எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதைப் பயிற்சி ஞாயிறுகளிலேயே சாப்பிட்டுப் பாருங்கள். வயிறும் பழக வேண்டும். 75 ஓட்டிய அன்று மசால் வடை பரிசோதனை செய்து பார்த்தேன். அதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

இங்கே அப்பா விஷயமும் வருகிறது. அவருக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை. என் சைக்கிளைப் பார்த்துப் பார்த்து ஜனவரியில் அவரும் பழைய சைக்கிளைத் தூசி தட்டினார். டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். அது சரி என்று டாக்டரும் சொன்னார். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நீண்ட நேரம் சைக்கிள் ஓட்டும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அப்பா சட்டைப் பையில் இப்போது மிட்டாய் இருக்கிறது. தினம் காலை 6 கி.மீ.

அம்மா கேட்ட கேள்வி

சாப்பாடு, பயிற்சி எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஜனவரியில் ஒரு நாள் காலை 4.45-க்கு நான் ஹெல்மெட் மாட்டும்போது அம்மா கேட்டார்: "நீயே ஆபீஸ்ல டைப் பண்றியே, சைக்கிள்ல போனவர் லாரி மோதி பலின்னு. அதை டைப் பண்ணும்போது உனக்கு ஒண்ணும் தோணாதா?"

தோன்றும். அந்தச் செய்திகளை நான் டைப் செய்திருக்கிறேன். நான்கு வரிச் செய்தி. ஊர், நேரம், வயது. பல செய்திகளில் நேரம் விடியற்காலை. அன்று நான் அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சில விஷயங்களை மாற்றிக்கொண்டேன். வெளிச்சம் வராமல் நெடுஞ்சாலையில் ஏறுவதில்லை. விடியும்வரை எங்கள் ஏரியாத் தெருக்களிலேயே சுற்றுவேன். பின் விளக்கு பகலிலும் எரியும், கூடுதலாக ஒன்று பையில். ஒளிரும் மேல்சட்டை. கைப்பிடியில் சின்னக் கண்ணாடி. காதில் பாட்டு கிடையாது. கூட்டமாகப் போனாலும் ஒருவர் பின் ஒருவர்தான். 100-க்கு மேல் தனியாகப் போவதில்லை. லைவ் லொகேஷன் அம்மா போனில் ஓடிக்கொண்டிருக்கும். முந்தைய இரவு ஷிப்ட் பார்த்திருந்தால் அந்த ஞாயிறு ரத்து. தூக்கக் கலக்கத்தில் சைக்கிள் ஓட்டுவதும் தூக்கக் கலக்கத்தில் லாரி ஓட்டுவதும் ஒன்றுதான் என்பேன்.

இதனால் ஆபத்து இல்லாமல் போய்விட்டதா? இல்லை. அதை அம்மாவிடம் மறைக்கவும் இல்லை.

மார்ச், இரண்டாம் ஞாயிறு

4.15-க்கு எழுந்து நான்கு இட்லி, பொடி, நல்லெண்ணெய். காபி. போனில் அரை மணிக்கு ஒருமுறை அலாரம். அடித்தால் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஒரு வாய். 6 மணிக்குக் கிளம்பியதும் வேகக் கும்பல் பறந்தது. போகட்டும் என்று விட்டேன். இதுதான் அன்று நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம். எல்லோரும் முந்திப் போகும்போது கால் தானாக அழுத்தப் பார்க்கும்.

200 கிலோமீட்டரை மணிக்கு 20 வேகத்தில் ஓட்டினால் 10 மணி நேரம். மீதி மூன்றரை மணி நேரம் சாப்பிட, உட்கார, பாத்ரூம் போக, பஞ்சர் ஒட்ட. இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கைப்பிடியில் ஒட்டியிருந்தேன். டிசம்பரில் 3 மணி 50 நிமிடத்தில் தொட்ட 100-வது கிலோமீட்டரை இந்த முறை 5 மணி 10 நிமிடத்தில் தொட்டேன். மரத்தடியில் தயிர்சாதம், ஊறுகாய். கால் மணி நேரம் படுத்துக் கண்ணை மூடினேன். தூக்கம் வரவில்லை, ஆனாலும் உடம்பு இளகியது.

உண்மையைச் சொல்ல வேண்டும். மார்ச்சில் வடகிழக்குக் காற்று ஓய்ந்துவிடும். அன்று மதியம் கடல்காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தது, முகத்தில் அடிக்கவில்லை. அதனால் டிசம்பரோடு ஒப்பிட்டு நான் பெருமைப்பட்டால் அது முழு நியாயம் ஆகாது. பதிலாக வெயில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தொப்பியை நனைத்து ஹெல்மெட்டுக்குள் போட்டேன். கூவத்தூர் டீக்கடையில் நிறுத்தினேன். டீ மாஸ்டருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "இன்னிக்கி அழலையா?" என்றார். இரண்டு டீ, ஒரு பன்.

150-க்கு மேல் உள்ளங்கை மரத்தது. சுண்டுவிரல் பக்கம் உணர்ச்சியே இல்லை. உள்ளங்கையில் போகும் நரம்பு அழுந்துவதால் வருவது. பிடியை மாற்றி மாற்றி வைத்து, கையை உதறிக்கொண்டே வந்தேன். மாமல்லபுரத்தில் வெயில் சாயத் தொடங்கியது. எல்லாம் முடிந்த மாதிரிதான்.

முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில் பின் டயர் தொளதொளவென்று ஆனது. மணி 5.20. கிலோமீட்டர் 178.

நெடுஞ்சாலை பஞ்சர்களில் ஆணியைவிட அதிகம் படுத்துவது, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய கம்பித் துணுக்கு. கண்ணுக்குத் தெரியாது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போய்விடும். டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். மரத்துப்போன என் விரலுக்கு அது தட்டுப்படவே இல்லை. இரண்டு முறை தடவினேன். மூன்றாவது முறை இடது கையால். ஊசி முனை அளவுக்கு ஒன்று. நகவெட்டியால் பிடுங்கினேன். டியூப் மாற்றி, கை பம்பில் காற்றடித்து நிமிரும்போது 5.50. நடுவில் ஒரு சைக்கிள் வேகம் குறைந்தது. அந்தப் பெரியவர்! அவரும் வந்திருந்தது எனக்குத் தெரியாது. "டியூப் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "சாப்ட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

22 கிலோமீட்டர், ஒரு மணி நாற்பது நிமிடம். விளக்கைப் போட்டேன். ஞாயிறு மாலை, கடற்கரைக்கு வந்த அத்தனை கார்களும் சென்னைக்குத் திரும்பும் நேரம். நீலாங்கரையில் நெரிசலில் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தேன். திருவான்மியூரில் அட்டையை நீட்டியபோது மணி 7.10. பதின்மூன்று மணி பத்து நிமிடம். இருபது நிமிடம் மிச்சம்.

ஓரமாக அப்பாவும் அம்மாவும் நின்றிருந்தார்கள். லைவ் லொகேஷன் முட்டுக்காட்டில் அரை மணி நேரம் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார்கள். பஞ்சர் என்று ஒரு மெசேஜ் போட எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா என்னைத் திட்டவில்லை, அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்தது என்ன?" என்றார்.

"300. இருபது மணி நேரம்."

"அப்போ ராத்திரியும் ஓட்டணுமா?"

ஆமாம் என்றேன். ஆட்டோ வீடு வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. 300-க்கான பதிவுப் படிவம் மூன்று வாரமாக என் போனில் பாதி நிரப்பியபடி இருக்கிறது. 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற இடம் மட்டும் இன்னும் காலி.